சம்பந்திக்குக் கமா என்று பெயர் வந்த விவரம்

அரியலூர்,
விரோதி வருஷம் ஆவணி மாதம் 12ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ குன்னம் சம்பந்தி அங்கமுத்து அவர்கள் சமூகத்துக்கு, அரியலூர் ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர் சிங்காரவேலு இரண்டு கைகளையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் சம்சாரம் பூங்காவனமும், தாங்கள் போன தீபாவளிக்கு ஓட்டியனுப்பிய செவலைப் பசுவும் கடவுள் கிருபையால் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா சிந்தாமணி அவர்களும், மாப்பிள்ளையும், என் மகள் லீலாவதியும், கல்யாணப் பெண் சாந்தாவும், மழைக்குக் காத்திருக்கும் பருத்திக் காடும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என்னோடு பேசுவதில்லை என்று தாங்கள் சபதம் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆகையால் சுகத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று மட்டும் யாரிடமாவது சொல்லியனுப்பினால் போதும்.

இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு லீலாவதிதான் வாசித்துக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். அம்மா லீலா, எழுதியதை எழுதியபடி வாசி. அப்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நடுவில் வரிகளை விழுங்காதே. நீ விழுங்குவாய் என்று உன் மாமனாருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை தங்கள் ஊர் வண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மாட்டைக்கூட அவிழ்க்காமல், எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி தாங்கள் சொல்லியனுப்பிய செய்தியை ஒப்பித்தார். “அந்த வாத்தியாருகிட்ட சொல்லு. எம் பேரக் கெடுத்தவரு அவருதான். அவரு வூட்டு வாசப்படிய இனிமே நான் மிதிக்க மாட்டேன். எம் மவ கல்யாணத்துக்கு வரட்டும், சாப்பிடட்டும், எலைய எடுத்துட்டுப் போவட்டும். எங்கிட்ட மட்டும் ஒத்த வார்த்த பேசக் கூடாது.” இதில் ‘எலைய எடுத்துட்டுப் போவட்டும்’ என்பது தாங்கள் சொன்னதா, வண்டிக்காரர் தம் பங்குக்குச் சேர்த்ததா என்று விசாரித்தேன். அவர் மாட்டைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் அன்று மாலை வரை என்னைக் கண்ட இடத்திலெல்லாம் “எலைய எடுத்துடுவீங்கள்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு காரணத்தையும் விசாரித்து அறிந்தேன். பாடாலூர் மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவை விஷயமாகப் பேசக் குன்னத்துக்கு வந்தவர்கள், கடைத்தெருவில் இறங்கி “அங்கமுத்து வூடு எதுங்க?” என்று கேட்டார்களாம். நாலு பேர் விழித்தார்களாம். அப்புறம் ஒருவன், “அட, கமா வூட்டக் கேக்குறாங்கப்பா!” என்று சொல்ல, உடனே நாலு பேரும் நாலு கையை ஒரே திக்கில் நீட்டினார்களாம். மாப்பிள்ளையின் தாயார் வீராயி அம்மாள் யோசனையில் ஆழ்ந்து, “கமான்னா என்னா? காமால மாதிரி பரம்பரையா வர்ற நோவா?” என்று கேட்டுவிட்டு, தங்கள் வீட்டில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல், கலந்து பேசிச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டார்களாம். நிச்சயமான கல்யாணம் ஒரு நிறுத்தக் குறியால் நின்றுபோவதா? கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாந்தாவை நான் வேற்றுப் பெண்ணாக நினைத்ததில்லை. தவிரவும், அந்தப் பெயருக்குக் காரணம் நான்தான் என்று தாங்கள் ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் மறுத்ததில்லை. மறுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்தது முழுவதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி நடந்தபோது தாங்கள் அங்கே இல்லை, மீதி நடந்தபோது தாங்கள் சுயநினைவோடு இல்லை.

தாரண வருஷம் ஆடி மாதம். யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடையாது, காகிதம் கிடையாது, துணி கிடையாது. வாந்திபேதி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு, அமிர்தவல்லி என்று ஒரு டாக்டரம்மாவைத் திருச்சியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, “மாஸ்டர், ஜனங்க ஊசி போட்டுக்க மாட்டேங்கிறாங்க. கிருமின்னா என்னான்னு படம் போட்டுக் காட்டணும். நீங்கதான் வரைஞ்சு தரணும்” என்றார். முப்பது வருஷமாகப் பூசணிக்காயும் பூந்தொட்டியும் வரைந்து அலுத்திருந்த எனக்கு இது பெரிய கௌரவமாகத் தோன்றியது. ஆனால் கிருமியை நான் பார்த்ததில்லையே. “டாக்டரம்மாகிட்ட பூதக்கண்ணாடிக் குழாய் இருக்குது, போய்ப் பாருங்க” என்றார்.

போனேன். டாக்டரம்மா ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து, “ஒரு கண்ணால பாருங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு நோயாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் ஒரு மணி நேரம் முதுகு ஒடியப் பார்த்தேன். கறுப்பாக, நீளமாக, நுனி கூராக, ஒரே பக்கம் வளைந்து, வரிசையாக நிற்கும் ஏழு பயங்கரமான கிருமிகளை அச்சு அசலாகப் பென்சிலால் வரைந்து, நிழலெல்லாம் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டு அந்த அம்மாளிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், மறுபடியும் கண்ண வைச்சுக் கொஞ்சம் சிமிட்டுங்க.”

சிமிட்டினேன்.

“கிருமி அசையுதா?”

“அசையுதுங்க. நல்லாவே அசையுது.”

“அது உங்க இமை மயிரு.”

வேறொருவராக இருந்தால் அன்றோடு என்னை அனுப்பியிருப்பார். அந்த அம்மாள் முகம் கோணாமல் குழாயைச் சரிசெய்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊதாச் சாயம் ஏற்றிய சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார். “இதுங்களுக்கு நம்ம மாதிரி தாத்தா பேரு, குலசாமி பேரு வைக்கிறது இல்ல மாஸ்டர். முதல்ல உருவத்தப் பாத்துத்தான் பேரு. உருண்டையா இருந்தா காக்கஸ். அந்த உருண்டைங்க ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருந்தா டிப்ளோகாக்கஸ். மாலையாக் கோத்துக்கிட்டா ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கொத்தாத் தொங்குனா ஸ்டஃபிலோகாக்கஸ். குச்சியா இருந்தா பாசில்லஸ். வளைஞ்சு நின்னா விப்ரியோ, நம்ம காலரா அந்த வகைதான். திருகித் திருகிப் போச்சுன்னா ஸ்பைரில்லம்.” எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உலகத்தில் எதையும் உருவத்தை வைத்து அடையாளம் காண்கிறவன் நான். “அப்போ உருவத்தைப் பார்த்தால் நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்துவிடும் அல்லவா?” என்று கேட்டேன். “அதான் தெரியாது. உங்க வூட்டுத் தயிர்ல இருக்கறதும் உருண்டையும் குச்சியுந்தான். சீழ்ல இருக்கறதும் உருண்டைதான். உருவம் எந்தக் கூட்டம்னு சொல்லும், கொணம் என்னான்னு சொல்லாது” என்றார்.

படம் வரையத் துணி வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் துணி கிடைக்கவில்லை. பண்டிகைக்கென்று பெட்டியில் வைத்திருந்த என் எட்டு முழ வேட்டியை எடுத்தேன். பூங்காவனம் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். “வேட்டிய எடுத்துக் கிருமிக்குக் கட்டிவுட்டுட்டு நீங்க என்னாத்தக் கட்டுவீங்க?” என்றாள். சர்க்கார் காரியம் என்று சொல்லி, அவள் அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்து ஊதா மை, காவி, நீலம் எல்லாம் குழைத்து இரண்டு நாளில் வரைந்து முடித்தேன். தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் வரைந்த படங்களில் அதுவே சிறந்தது.

அதைத் தங்கள் ஊர்ச் சந்தையில் இரண்டு புளியமரத்துக்கு நடுவில் கட்டினோம். இன்ஸ்பெக்டர் பிரம்பால் தட்டி, “இது காக்கஸ்!” என்றார். கூட்டத்தில் ஒருவர், “காக்காசு நோவா? அப்ப ஏழைபாழைக்குத்தான் வருமுன்னு சொல்லுங்க” என்றார். “இது பாசில்லஸ்!” என்றார். “பாசி இல்லியா? எங்க கொளத்துல வந்து பாருங்க, மொழங்கால் மட்டும் பாசி” என்றார் இன்னொருவர். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான், தலையில் பெரிய முண்டாசு கட்டிய, ஒல்லியான, நெட்டையான ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தாங்கள்தான். எனக்கு அதற்கு முன் தங்களைத் தெரியாது.

“வாத்தியாரே, இந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியாதுன்னு இன்ஸ்பெக்டரு சொல்றாரு. தெரியாதத நீங்க எப்பிடி வரைஞ்சீங்க?”

சந்தை முழுவதும் சிரித்தது. குழாய் வழியாகப் பார்த்தேன் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. “ஊசி போட்டா கை வெளங்காமப் போயிரும், அறுப்புக்கு எவன் வருவான்?” என்று தாங்கள் கேட்க, கூட்டம் கலைந்தது. அன்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் மொத்தம் மூன்று பேர்: இன்ஸ்பெக்டர், அவருடைய பியூன், நான்.

பேர்தான் கோளாறு என்று முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் ஜனங்களுக்குத் தெரிந்த பெயராக வைத்தேன். தனி உருண்டைக்கு வரகு. மாலைக்குப் பாசிமணி. கொத்துக்கு வேப்பம்பழம். குச்சிக்குப் பருத்திமார். சுருளுக்குத் திருகாணி. காலராக் கிருமியின் வளைவுக்கு ரொம்ப யோசித்து முந்திரிக்கொட்டை என்று வைத்தேன். அடுத்த சந்தை ஜெயங்கொண்டம். அங்கே போய்த்தான் நான் செய்த காரியம் விளங்கியது. இன்ஸ்பெக்டர் பிரம்பால் தட்டி, “வாந்திபேதிக்குக் காரணம் இதுதான், முந்திரிக்கொட்டை!” என்று முழங்கிய அரைமணியில் சந்தையில் ஒரு கொட்டை விற்கவில்லை. ராசாத்தி என்று ஒரு வியாபாரி அம்மாள் கூடையோடு வந்து என் கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு, “எம் பொழப்புல ஏன்யா மண்ணப் போடுற? நான் பொறந்ததுலேருந்து இதத் தின்னுதான் வளந்தேன், எனக்கு எப்ப பேதி புடுங்கிச்சு? சொல்லு!” என்று கேட்டார். அந்த அம்மாள் முன்னிலையில் நானும் இன்ஸ்பெக்டரும் ஆளுக்குப் பத்து முந்திரிப்பருப்பு தின்று காட்டிய பிறகுதான் துண்டு திரும்பக் கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். முந்திரிக்கொட்டை வேண்டாம், வேறு உருவம் சொல்லுங்கள் என்றேன். “இங்கிலீஷ் புஸ்தகத்துல கமா மாதிரின்னு போட்டிருக்குது” என்றார். எனக்குக் கமா தெரியாதா? அங்கேயே உட்கார்ந்து பழைய படத்தின் மேல் பெரிய பெரிய கமாக்களாக வரைந்தேன், அச்சுப் புஸ்தகத்தில் இருக்கிறபடி உருண்டைத் தலையும் வளைந்த வாலுமாக. முடித்து நிமிர்ந்தபோது டாக்டரம்மா, “தலையெல்லாம் கெடையாதே மாஸ்டர், வளைஞ்ச குச்சி, அவ்வளவுதானே” என்றார். அதற்குள் துணியில் மை ஊறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தங்கள் வண்டி வந்து நின்றது.

சம்பந்தி, சிந்தாமணி அம்மாளை வண்டியிலிருந்து தூக்கியபோது கண் குழிந்து, கன்னம் ஒட்டி, துவைத்துப் பிழிந்த துணிபோல இருந்தார்கள். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள், ஆனால் அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால் சந்தையைச் சிரிக்க வைத்த வாய், “அம்மா, எதாச்சும் பண்ணுங்க. எதாச்சும் பண்ணுங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கை நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். புட்டியைத் தொங்கவிடச் சட்டம் கிடையாது. கொட்டகைக் கம்பில் கட்டினார்கள். ஆடிக் காற்றில் கொட்டகை ஆடி, புட்டி விழுந்து உடைந்தது. அடுத்த புட்டியைத் தாங்கள் கையில் வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை. மாற்றி விடுகிறேன் என்று நான் கேட்டேன், பியூன் கேட்டான், டாக்டரம்மாவே கேட்டார். “வேணாங்க. எங் கை கெட்டியா இருக்கும். ஏர் புடிச்ச கைங்க” என்றீர்கள். ஒரு கையில் புட்டியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சம்பந்தியம்மாவின் ஊசி ஏற்றிய கையை அசையாமல் பிடித்து, அவர்கள் முகத்தையே பார்த்தபடி தலையைக் குனிந்து, முதுகு வளைந்து, அன்று பகல் முழுவதும், மறுநாள் உச்சி வரையிலும், புட்டி மாற்றுகிற நேரம் தவிர, அப்படியே நின்றீர்கள். பூங்காவனம் கஞ்சி கொண்டுவந்தாள். அதை அவளே தங்கள் வாயில் ஊட்டவேண்டியிருந்தது, கை ஒழியவில்லையே. “குடிங்கண்ணே, நீங்க வுழுந்துட்டா அவங்களுக்கு யாரு புடிப்பா?” என்று அவள் அதட்டியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் நாடி கொஞ்சம் திரும்பியது. டாக்டரம்மா தங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு வைத்து, “வந்து பாருங்க, இதுதான் உங்க வூட்டுக்கு வந்தது” என்றார். தாங்கள் முண்டாசை அவிழ்க்காமலே குனிந்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

“ஓடுது,” என்றீர்கள். “மீன் குஞ்சாட்டம் ஓடுது.” பிறகு நிமிராமலே, “இத்தினியூண்டுதானா? இத்தினியூண்டுக்கா எங்க வூட்டுல வழி வுட்டேன்?” என்றீர்கள். அந்தக் குழாயின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதீர்கள். டாக்டரம்மா வெளியே போய்விட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “வாத்தியாரே, நீங்க வரைஞ்சது சரிதான். தலைய மட்டும் பெருசாப் போட்டுட்டீங்க” என்றீர்கள். ஒரு டிராயிங் மாஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் காலை. தாங்கள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தீர்கள். கொட்டகையில் பூங்காவனமும் நானும்தான். மை காய்வதற்காக முதல் நாள் கட்டிய வேட்டி எதிர்க் கம்பிலேயே இருந்தது. சிந்தாமணி அம்மாள் கண்ணைத் திறந்தார்கள். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்கள் படத்தையே பார்த்தார்கள். அப்புறம் வெளியே, கிணற்றடியில் முண்டாசோடு குனிந்து நின்று தண்ணீர் இறைத்த தங்களைப் பார்த்தார்கள். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார்கள் என்று பூங்காவனம் குனிந்தாள்.

லீலா, உன் மாமியார் அடுப்படியில் இருந்தால் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசி.

“அக்கா,” என்றார்கள், “இந்தத் துணி பூரா எங்க வூட்டுக்காரரு மாதிரியே நிக்குதே, இது என்னாது?”

“அது கமாவாம்மா,” என்றாள் பூங்காவனம்.

“அப்ப இனிமே இவரு பேரும் கமாதான்,” என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பென்றால் சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் லேசாகக் குலுங்கியது. பூங்காவனம் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். உடனே சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து, “நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம். ரோசக்காரரு” என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வருஷமாக நான் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். பூங்காவனமும் சத்தியத்தைக் காப்பாற்றினாள். பெயர் வைத்தது யார் என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொன்னாள். கொட்டகையில் சொன்னாள், எங்கள் தெருவில் சொன்னாள், அடுத்த சந்தைக்கு முன்னால் அது குன்னம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சந்தையில் தாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டைக் கையை மடித்து, முதல் ஆளாக இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினீர்களே, அப்போது பின்னாலிருந்து யாரோ, “கமாவே போட்டுக்குறாருடா!” என்றான். இருநூறு பேருக்கு மேல் தங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தங்களைப் பார்த்துச் சிரித்ததால், நான்தான் தங்களை மாதிரியாக வைத்து வரைந்தேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். போகட்டும்.

அந்தக் காலத்தை நினைத்தால் பயம் வர வேண்டும். எனக்கு என்னவோ ஏக்கம்தான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா அந்த வருஷக் கடைசியில் நீலகிரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். இன்ஸ்பெக்டர் கடிதம் போடுவதில்லை. என் வேட்டியைப் பூங்காவனம் மூன்று தரம் வெள்ளாவியில் வைத்தும் மை போகவில்லை. துணி கிடைக்காத காலம், வேறு வழியில்லாமல் இரண்டு வருஷம் அதையே வீட்டில் கட்டிக்கொண்டிருந்தேன், உட்காருகிற இடத்தில் பாசிமணி மாலையும் முழங்காலில் திருகாணியுமாக. தாங்கள் லீலாவைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட அதைத்தான் கட்டியிருந்தேன். தாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் வெற்றிலைத் தட்டை நீட்டினீர்கள். வேறொரு சம்பந்தியாக இருந்தால் எழுந்து போயிருப்பார். கொட்டகையில் தங்களோடு இருந்த அந்த மூன்று நாளுக்குப் பிறகு இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் எனக்குக் கிடைக்காத சிநேகிதம். அதை இழந்துவிடுவேனோ என்றுதான் புதன்கிழமை இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன், இலை விஷயமாக அல்ல.

ஆகவே தங்களிடம் கேட்காமலே வெள்ளிக்கிழமை காலை கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஏறிப் பாடாலூர் போனேன். பஸ் மூன்று இடத்தில் நின்றது, இரண்டு இடத்தில் நாங்கள் தள்ளினோம். முகமெல்லாம் கரியோடு போய் இறங்கினேன். வீராயி அம்மாளிடம், கமா என்பது நோய் அல்ல, ஓர் உருவம் என்று விளக்குவதற்காக அடுப்புக் கரியால் அவர்கள் வாசலில் ஒரு கமா வரைந்தேன். அது தப்பாகப் போயிற்று. “நோவோட படத்த எங்க வாசல்ல ஏன் எழுதுறீங்க?” என்று அந்த அம்மாள் சாணித் தண்ணீர் வாளியோடு வந்துவிட்டார். பாதிக் கமாவை அழித்த பிறகுதான் என்னைப் பேசவிட்டார். படம் வேண்டாமென்று நடந்ததைச் சொன்னேன். சந்தையிலிருந்து ஆரம்பித்து, தாங்கள் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை முழுவதையும் சொன்னேன். அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

“ஒன்ற நாளா கை மாத்தாம நின்னாரா?”

“நின்றார்.”

“பொண்டாட்டிக்கா?”

“பொண்டாட்டிக்குத்தான்.”

உள்ளே திரும்பித் தம் வீட்டுக்காரரைப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றார். அவர் மிகவும் கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குப் போன வருஷம் மூணு வாரம் காச்ச. இவரு சீட்டாடப் போயிட்டாரு. அந்த வூட்டுப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வந்தாத்தான் எம் மவனாவது கத்துக்குவான். நாங்க யோசிக்க ஒண்ணுமில்ல, கல்யாணத்துல மாத்தமே கெடையாதுன்னு சொல்லிடுங்க” என்றார். பிறகு, “அந்தப் பேர வைச்சது யாருங்க?” என்று கேட்டார். நான் பொய் சொல்லப் பழகாதவன். சொல்லிவிட்டேன். பெண்கள் ஒருவருக்கொருவர் கல்யாணத்தில் சந்தித்தால் அந்தப் பேச்சு வராமல் இராது. வேறு வாய் வழியாகத் தங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை என்றுதான் சத்தியத்தை மீறி இவ்வளவும் எழுதினேன். சம்பந்தியம்மா மன்னிக்க வேண்டும். தாங்களும் அவர்களைக் கோபிக்கக் கூடாது. செத்துப் பிழைத்தவர்கள் முதன்முதலில் பேசிய பேச்சு அது. தண்ணீர் கேட்பதற்கு முன்னால் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்றோடு அந்தப் பெயருக்கு முடிவு கட்டிவிட்டேன். பூங்காவனத்திடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் எட்டு வீட்டிலும் சொல்லிவிட்டேன். குன்னம் கடைத்தெருவுக்கு நேரில் வந்து சொல்லவும் தயார். சாந்தா கல்யாணத்தில் தங்களைக் குன்னம் அங்கமுத்து என்று தவிர வேறு பெயரில் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். இது ஒரு டிராயிங் மாஸ்டரின் வாக்கு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் லீலாவதிக்கும் மடி நிறையப் பிள்ளையும் பத்தாயம் நிறையத் தானியமும் உண்டாகட்டும். சாந்தாவுக்கு என் விசேஷ ஆசீர்வாதம். தங்கள் கோபம் தணிந்ததும், தணியாவிட்டாலும், எங்கள் வாசல் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
சிங்காரவேலு

பின்குறிப்பு: அம்மா லீலா, இதை உனக்குள் படி, மாமனாருக்கு வாசிக்காதே. சாந்தாவின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கிற பொறுப்பு என்னுடையது அல்லவா, வெள்ளிக்கிழமை பாடாலூரிலிருந்து திரும்பிய சந்தோஷத்தில் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் அச்சாபீசுக்குப் போய் புரூஃப் திருத்தினேன். “குன்னம் அங்கமுத்து” என்பதற்குப் பக்கத்தில் குறி விட்டுப்போயிருந்தது. ஓரத்தில், ‘இங்கே கமா போடவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அச்சாபீஸ்காரர் இப்போதுதான் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்துப் பார்த்தேன். “குன்னம் அங்கமுத்து கமா சிந்தாமணி தம்பதியரின் ஏக குமாரத்தி” என்று தங்க மையில், பெரிய எழுத்தில், முந்நூறு பிரதியும் அப்படியே இருக்கிறது. பாடாலூருக்கு நூற்றைம்பது நேற்றே தபாலில் போய்விட்டதாம். மீதியைத் தீயில் போடலாம் என்று எடுத்தேன், உன் அம்மா பத்திரிகைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். “சிந்தாமணி ஒரு தரம் பாக்கட்டும்” என்கிறாள். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். உன் மாமியாரிடம் கொடு. அவர்கள் சிரித்து முடித்ததும் மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களே சொல்வார்கள்.